ஒரே பஸ், 44 பேர், நான்கு ஊர்: புதுக்கோட்டைப் பக்கம் ஒரு நாள் பயணம்

பின்னணி

திருச்சியில் ஒரு குடியிருப்புப் பகுதியின் மூத்தோர் சங்கம் வருடந்தோறும் ஒரு நாள் சுற்றுலா போகும். தஞ்சாவூர், கும்பகோணம், நவக்கிரகக் கோயில்கள், வேளாங்கண்ணி எல்லாம் அவர்கள் பார்த்து முடித்தவை. இந்த முறை செயலாளர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "பக்கத்துலயே இருக்கணும் தம்பி, ஆனா நம்ம ஆளுங்க பார்த்திருக்கக் கூடாது."

குழுப் பயணங்களை ஏற்பாடு செய்து தருவது என் தொழில். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சொன்னேன். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் குடைவரைகளும் (பாறையைக் குடைந்த கோயில்கள்) சமணர் படுக்கைகளும் (சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கைகள்) முற்காலச் சோழர் காலத்துக் கற்றளிகளும் (கல்லால் கட்டிய கோயில்கள்) இவ்வளவு நெருக்கமாக இருக்கும் பகுதி தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆனாலும் திருச்சிக்காரர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கம் பஸ்ஸில் கடந்து போயிருப்பார்களே தவிர இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சங்கத்தில் ஒருவர் உடனே போனில் வரைபடத்தைத் திறந்து ஏழு இடங்களைக் குறித்து அனுப்பினார்: விராலிமலை, கொடும்பாளூர், குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை, புதுக்கோட்டை அருங்காட்சியகம், திருமயம். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான். காரில் போகும் குடும்பம் ஒன்று விடியற்காலையில் கிளம்பினால் ஐந்தாறு இடங்களைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இங்கே பஸ். பெயர் கொடுத்தவர்கள் 44 பேர், வயது 61 முதல் 79 வரை, அதில் 27 பேர் பெண்கள். பாதிக்கு மேல் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள். ஊன்றுகோலுடன் வருபவர்கள் இரண்டு பேர், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஒருவர். இதுபோன்ற ஊர்களைப் பற்றி வரும் பயணக் குறிப்புகள் எல்லாமே காரிலோ பைக்கிலோ போகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அந்தக் குறிப்பை நம்பி 44 பேரை இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. இதைப் பதிவு செய்வதன் காரணம் அதுதான்.

முன்கூட்டியே போய்ப் பார்த்தபோது தெரிந்தவை

பயணத்துக்கு முன் செயலாளர், பஸ் டிரைவர், நான் மூவரும் ஒரு காரில் அந்த வழியே போய் வந்தோம். டிரைவரைக் கூட்டிப் போனது மிக முக்கியம். நாங்கள் சிற்பம் பார்த்தோம், அவர் மரக்கிளை பார்த்தார். தாழத் தொங்கும் மின்கம்பி எங்கே, புளியமரக் கிளை கூரையில் உரசும் இடம் எது, பஸ்ஸைத் திருப்ப எங்கே வெற்றிடம் என்று ஒவ்வொரு ஊரிலும் இறங்கி நடந்து பார்த்து ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டார். நார்த்தாமலையில் ஊருக்குள் போகும் தெருவைப் பார்த்ததும், "சார், உள்ள போயிடலாம். எதிர்ல ஒரு டிராக்டர் வந்தா ரெண்டு பேரும் அங்கயேதான்" என்றார். பெரிய பஸ்ஸை ஊர் முகப்பிலேயே நிறுத்துவது, நடக்க முடியாதவர்களை ஷேர் ஆட்டோவில் கொண்டுபோவது என்று அங்கேயே முடிவானது.

அடுத்தது நேரக் கணக்கு. பஸ் நின்ற நிமிடத்திலிருந்து கடைசி ஆள் இறங்கும் வரை இந்தக் குழுவுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. திரும்ப ஏறி, தலை எண்ணி, செருப்பைத் தேடியவரைக் கண்டுபிடித்துக் கிளம்ப இன்னொரு பத்து நிமிடம். ஆக ஓர் இடத்தில் நிறுத்தினாலே 20 நிமிடம் போய்விடும். ஏழு இடம் என்றால் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் படிக்கட்டிலேயே கரைந்துவிடும்.

மூன்றாவது, நண்பகல். வழிபாட்டில் உள்ள கோயில்கள் பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவேளையில் தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களைப் பார்க்கலாம் என்றால், அவை பெரும்பாலும் வெட்டவெளிப் பாறை மேல் இருக்கின்றன. மாசி மாதத்திலேயே 11 மணிக்குப் பாறை காலைச் சுடும். நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடம் மூடியிருக்கிறது, திறந்திருக்கும் இடத்தில் நிற்க முடியாது. புதுக்கோட்டைப் பயணத் திட்டம் எதுவானாலும் இந்த நான்கு மணி நேரத்துக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றைப் பெண்கள் சொன்னதால்தான் முழுதாகப் புரிந்தது. சுற்றுலா என்றால் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள் அன்று மட்டும் அதை விட்டுவிடுகிறார்கள். வழியில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்ற பயம். வெயிலில் பாறை ஏறப்போகும் நாளில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. "இருக்குன்னு சொல்றீங்க, நல்லா இருக்குமா?" என்று ஓர் அம்மா கேட்டார். அதனால் அந்த முன்பயணத்தில் ஒவ்வொரு கழிப்பறையையும் கதவைத் திறந்து பார்த்தோம். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, மேற்கத்திய இருக்கை ஒன்றாவது உண்டா என்று பார்த்துக் குறித்தோம்.

எடுத்த முடிவுகள்

ஏழு இடங்களை நான்காகக் குறைத்தோம். விராலிமலை படியேற வேண்டிய கோயில். அதோடு, வந்தவர்களில் பலர் அங்கே ஏற்கெனவே முருகனைத் தரிசித்தவர்கள். திருமயம் புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர், நம் வட்டத்துக்கு நேர் எதிர்த்திசை. கிழவன் சேதுபதி 1687-இல் கட்டிய கோட்டையையும் மலையடியில் அருகருகே உள்ள இரு குடைவரைக் கோயில்களையும் அரைமணி நேரத்தில் காட்டி இழுத்துக்கொண்டு வருவது அந்த ஊருக்குச் செய்யும் அவமரியாதை. அதைத் தனி நாளாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். திருக்கோகர்ணத்தில் உள்ள அருங்காட்சியகம் கூரைக்குக் கீழே இருப்பதால் நண்பகலுக்கு நல்ல மாற்று. ஆனால் புதுக்கோட்டை வரை போய்த் திரும்பும் தூரம் கூடும். மழை வந்தால் மட்டும் அங்கே போவது என்று கைவசம் வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதால் பயண நாளைப் புதன்கிழமையாகக் குறித்தோம்.

மிஞ்சியவை நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர். பாறை குளிர்ந்திருக்கும் அதிகாலையில் நார்த்தாமலை. அதை அடுத்து சித்தன்னவாசல். வெயில் உச்சிக்கு வருமுன் அன்னவாசலில் ஒரு மண்டபம். நடை திறக்கும் 4 மணிக்குக் குடுமியான்மலை, கடைசியில் ஏற்றமே இல்லாத கொடும்பாளூர். அங்கிருந்து மதுரை–திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்து வீடு.

பன்னிரண்டேகாலிலிருந்து மூன்றரை வரை மண்டபத்தில் சாப்பாடும் ஓய்வும் என்று திட்டத்தில் பார்த்ததும் கமிட்டியில் எதிர்ப்பு. "காசு குடுத்துட்டுத் தூங்கவா வர்றோம்?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் இந்த வயதுக்காரர்களை எங்கே கொண்டுபோனாலும் மாலையில் பார்க்கும் இரண்டு இடங்கள் வீணாகிவிடும். காலை நாலரைக்கு எழுந்த டிரைவருக்கும் அந்தத் தூக்கம் வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு நெடுஞ்சாலையில் 44 உயிர் அவர் கையில் இருக்கிறது.

சாப்பாட்டுக்குத் திருச்சியிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போகாமல், அந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் சமையலை ஒப்படைத்தோம். எண்ணெய் குறைவு, காரம் குறைவு, சர்க்கரைக்காரர்களுக்குத் தனியே கீரையும் சுண்டலும். நேர அட்டவணையை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தோம். அதில் கோயில் பெயர்களைவிடப் பெரிய எழுத்தில் கழிப்பறை நிறுத்தங்கள் இருந்தன. எந்த இரண்டு நிறுத்தங்களுக்கு இடையிலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லை.

ஏறுபவர், ஏறாதவர் என்று இரு பிரிவாகப் பெயர் எழுதச் சொன்னோம். நார்த்தாமலைக்கு 26 பேர் ஏறுவதாகச் சொன்னார்கள். சித்தன்னவாசலில் சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் ஏற 14 பேர்.

பயண நாள்: காலை

ஆறு மணிக்குக் கிளம்பி, கீரனூர் அருகே பெட்ரோல் பங்கில் ஒரு நிறுத்தம் போட்டு, ஏழரைக்கு நார்த்தாமலை சேர்ந்தோம். ஏறாத 18 பேர் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். அந்த அம்மன் சுற்றுவட்டாரத்தில் பெரிய தெய்வம். ஆகவே "நாங்க மட்டும் கீழ உட்கார்ந்திருக்கோம்" என்ற மனக்குறை அவர்களுக்கு வரவில்லை. ஏறாதவர்களுக்கு உருப்படியாக ஓர் இடம் இருந்தால்தான் ஏற்றம் உள்ள ஊரைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பழைய கோயில்கள் இருக்கும் மேலமலைக்குப் படிக்கட்டு கிடையாது. சரிவான மொட்டைப் பாறையில் நடந்தே ஏற வேண்டும். மேலே விஜயாலய சோழீச்சரம். வெளியே சதுரமாகத் தெரியும் கோயிலுக்குள் கருவறை வட்டம். சாத்தன் பூதி என்னும் இளங்கோ அதியரையன் எடுத்ததையும், மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்ததையும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. எதிரே பாறையில் குடைந்த பதினெண்பூமி விண்ணகரத்தில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. பராமரிப்பாளருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பூட்டுகள் திறந்திருந்தன. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வட்டக் கருவறையைச் சுற்றி வந்து சுவர்க் கல்லைத் தடவிக்கொண்டே நின்றார். அவரைக் கிளப்புவதே பாடாகிவிட்டது.

சிக்கல் இறங்கும்போது வந்தது. 68 வயதுக்காரர் ஒருவர், தினமும் காலையில் நடப்பவர், ஏறுபவர் பட்டியலில் தானாகவே பெயர் கொடுத்தவர். ஏறும்போது முதல் ஆளாகப் போனார். இறக்கத்தில் பாதி வழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ நெஞ்சுவலியோ இல்லை. நாடி பார்த்தோம், சர்க்கரை அளவு பார்த்தோம், இரண்டும் சரி. "ஏறும்போது ஒண்ணும் தெரியல தம்பி. கீழ பார்த்து கால வச்சா முட்டி நடுங்குது" என்றார். சரிவில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. இரண்டு பேர் இருபுறமும் நிற்க, அவர் உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இறங்கினார். அதுதான் பாதுகாப்பான வழி என்று தோன்றியது. தூக்கிக்கொண்டு இறங்கியிருந்தால் மூன்று பேரும் சேர்ந்து சறுக்கியிருக்கலாம்.

இதில் 40 நிமிடம் போயிற்று. ஒன்பதேகாலுக்குக் கிளம்ப வேண்டிய பஸ் ஐந்து நிமிடம் குறைய பத்துக்குக் கிளம்பியது.

ஏழடிப்பட்டத்தை விட்டது

சித்தன்னவாசலில் பார்க்க இரண்டு இடங்கள். மலையின் மேற்குச் சரிவில் ஓவியங்கள் உள்ள அறிவர் கோயில், குறைந்த ஏற்றம். சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் மேலே, கிழக்குப் பக்கம். அங்கே வழவழப்பாக இழைத்த பதினேழு கற்படுக்கைகளும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் உண்டு. பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர் அது. இப்போது கம்பித் தடுப்பு இருக்கிறது, ஏற்றம் என்னவோ ஏற்றம்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது பத்தரைக்கு. அறிவர் கோயிலின் அர்த்தமண்டபமும் கருவறையும் மிகச் சிறியவை. எட்டு பேருக்கு மேல் உள்ளே நின்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. எட்டெட்டு பேராக ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் எட்டு நிமிடம். அதற்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல். அதன் பிறகு ஏழடிப்பட்டம் போனால் பதினொன்றரை வெயிலில் ஏறி, பன்னிரண்டு மணிக்கு மேல் இறங்க வேண்டியிருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு முன் பாறையில் ஒருவர் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த பிறகும் இன்னும் 14 பேரைச் சுடுபாறையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. செயலாளருடன் தனியே பேசி, பஸ்ஸிலேயே அறிவித்தோம். காரணத்தையும் சொன்னோம். அதற்காகவே வந்ததாகச் சொன்ன இருவர் கடுமையாகக் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

அறிவர் கோயிலை யாரும் அவசரமாகப் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்பது பெரிய ஆறுதல். விதானத்தில் தாமரைக் குளம்: மீன், யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கும் மனிதர்கள். தூண்களில் ஆடும் பெண்கள். வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. முதல் ஒரு நிமிடம் வெறும் கறையாகத்தான் தெரியும். கண் பழகியபின் ஒவ்வொன்றாக வெளியே வரும். அதனால்தான் ஒரு தடவைக்கு எட்டு நிமிடம் என்று வைத்தோம். பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. வெளியே காத்திருந்தவர்களுக்கு நிழலில் மோர் கொடுத்தோம்.

நண்பகலும் மாலையும்

சுயஉதவிக் குழுப் பெண்கள் வாழையிலை போட்டுப் பந்தி பரிமாறினார்கள். சாப்பிட்ட பின் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் சாய்ந்துவிட்டார்கள். "தூங்கவா வர்றோம்" என்று கேட்டவரை மூன்றரைக்கு நாங்கள்தான் எழுப்பினோம்.

குடுமியான்மலையில் நடை திறக்கும் நேரத்துக்கு நின்றோம். அன்றைய நாளின் சிறந்த பகுதி இதுதான். சிகாநாதர் கோயிலின் மண்டபத் தூண்களில் ரதி, பத்துத் தலை ராவணன், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர் என்று ஆளை விடாத சிற்பங்கள். கோயிலுக்குப் பின்னால் மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில் இசைக் கல்வெட்டு. மத்யமகிராமம், ஷட்ஜகிராமம் என்ற பழைய இசை வகைகளில் தொடங்கி ஏழு தலைப்புகளில், நான்கு நான்கு சுரங்களாகப் பிரித்து வெட்டியிருக்கிறார்கள்.

குழுவில் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை ஒருவர் இருந்தார். அவரிடம் இரண்டு வாரம் முன்பே இதைப் பற்றிச் சொல்லி, கல்வெட்டின் ஒரு பகுதியைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருந்தேன். அவர் பாறையின் முன் நின்று விளக்கினார்: இங்கே 'ச' மட்டும் இல்லை, 'ச, சி, சு, செ' என்று ஒரே சுரம் நான்கு உயிரெழுத்தோடு வருகிறது பாருங்கள் என்று காட்டினார். அந்த உயிரெழுத்து மாற்றம் எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, ஒரு வரியை மெல்லப் பாடிக் காட்டினார். வெளியிலிருந்து கொண்டுவரும் வழிகாட்டியைவிட, குழுவுக்குள்ளேயே விஷயம் தெரிந்த ஒருவரை முன்கூட்டித் தயார் செய்வது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் அவரை விடவே இல்லை.

விளைவு, கொடும்பாளூருக்கு நேரம் குறைந்தது. ஐந்து முப்பத்தைந்துக்குச் சேர்ந்தோம், ஆறு மணிக்குள் வெளியே வர வேண்டும். இந்த ஊரை ஆண்ட வேளிர் குலச் சிற்றரசன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் இரு மனைவியர் பெயரிலும் எடுத்த மூவர் கோயிலில் இப்போது நிற்பவை இரண்டு, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். சமதளம், புல்வெளி, மாலை வெளிச்சம். ஊன்றுகோலுடன் வந்த இருவரும் முழுதாகச் சுற்றிப் பார்த்தது இங்கேதான். வேளிர் கதை தெரிந்தவர்களுக்கு இருபத்தைந்து நிமிடம் எந்த மூலைக்கும் போதவில்லை.

எட்டேகாலுக்குத் திருச்சி.

பின்விளைவு

இறக்கத்தில் உட்கார்ந்துவிட்டவரை மறுநாள் அவர் மகன் எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனார். முட்டியில் தேய்மானம் என்று தெரிந்தது. சமதளத்தில் நடக்கும்வரை அது தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. வேறு யாருக்கும் உடல்நலச் சிக்கல் வரவில்லை. தண்ணீர் குடிக்காமல் யாரும் இருக்கவில்லை என்று பெண்கள் தரப்பில் சொன்னார்கள். அட்டவணையில் அவர்கள் அதிகம் பாராட்டியதும் அந்தப் பெரிய எழுத்தைத்தான்.

கோபித்துக்கொண்ட இருவரும் இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வேனில் பிறகு தாங்களாகவே ஏழடிப்பட்டம் போய் வந்தார்கள். படுக்கைகளின் படங்களைச் சங்கத்துக்கும் எனக்கும் அனுப்பினார்கள்.

இனி மாற்றிக்கொள்வது

பதிவுப் படிவத்தில் "மலை ஏறுவீர்களா?" என்ற கேள்வியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் "கைப்பிடி இல்லாமல் மாடிப்படி இறங்குவீர்களா?" என்று இருக்கிறது. முன்னதற்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள், அதில் ஆசையும் கலந்திருக்கும். பின்னதற்கு வீட்டில் தினமும் நடப்பதைத்தான் சொல்வார்கள்.

மூத்தோர் குழுவுக்கு ஒரு நாளில் ஓர் ஏற்றம் மட்டும். நார்த்தாமலையையும் ஏழடிப்பட்டத்தையும் இனி ஒரே நாளில் வைப்பதில்லை. நார்த்தாமலை இல்லாத பயணத்தில் வட்டத்தைத் திருப்பிவிடலாம்: காலையில் கொடும்பாளூர் நிதானமாக, ஒன்பதரைக்குக் குடுமியான்மலை, நடை சாத்துவதற்குள் வெளியே வந்து அன்னவாசலில் சாப்பாடும் ஓய்வும், மூன்றரைக்கு மேல் சித்தன்னவாசல். அறிவர் கோயில் மேற்குப் பார்த்தது என்பதால் அந்த நேரத்தில் உள்ளே வெளிச்சமும் கூடுதல். ஏழடிப்பட்டத்தின் பக்கம் கிழக்கு, பிற்பகலில் மலையின் நிழல் அங்கே விழும். எட்டெட்டு பேராக அனுப்பும்போதே ஏறக்கூடியவர்களை மேலே அனுப்பினால் காத்திருக்கும் நேரமும் மிச்சம்.

திருமயத்தைத் தனி நாளாக எடுத்துக்கொள்ளச் சங்கம் ஒத்துக்கொண்டிருக்கிறது. காலையில் முதலில் பெருமாள், சிவன் இரு சன்னதிகளும், வெயிலுக்கு முன் கோட்டை, மாலையில் ஆவுடையார்கோயில். நடுவே ஓய்வெடுக்க அறந்தாங்கியில் மண்டபம் பார்க்க வேண்டும், டிரைவரோடு போய் வழியையும் பார்க்க வேண்டும்.